மலையேறிய குப்பையை இறக்கப்போவது யார்?

சென்ற மாதம் அக்கரப்பத்தனைக்குப் போயிருந்தேன். தலவாக்கலையில் இறங்கி, லிந்துலை வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறி, யன்னலோரத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளாகக் கொழும்பில் பத்திரிகைத் தொழில் செய்தும், ஆக்ரோயா கண்ணில் படும் இடம் வந்ததும் சிறுபிள்ளை போல எட்டிப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இம்முறை எட்டிப் பார்த்தபோது ஆற்று நீரைவிட ஆற்றோரத்துப் பற்றைகளே கண்ணில் உறுத்தின. ஆள் உயரத்துக்கு மேலே, கிளைகளெங்கும் பொலித்தீன் பைகளும் பால்மா உறைகளும் சவர்க்காரத் தூள் உறைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. சென்ற பெருமழையில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அளப்பதற்கு அங்கே வேறு அளவுகோல் தேவையில்லை.

என் அக்கா இன்னும் அங்கே ஒரு தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார். தோட்டத்தின் பெயரை எழுதினால் அவருக்குச் சிரமம் வரும், ஆகவே தவிர்க்கிறேன். அவருடைய காம்பராவுக்குப் பின்னால் ஓடும் கான் உறைகளால் அடைபட்டு, மழைத் தண்ணீர் அடுப்படிக்குள் புகுந்துவிட்டிருந்தது. சுவரில் ஈரம் ஏறிய கோடு அப்படியே தெரிந்தது. படித்தவனுக்கே உரிய அசட்டுத்தனத்தோடு கேட்டுவிட்டேன்:

"ஏன் அக்கா, இதையெல்லாம் கான்லயும் ஆத்துலயும் போடுறீங்க?"

அக்கா கோபப்படவில்லை. "வேற எங்க தம்பி போடச் சொல்ற? குப்ப லொறி டவுனோட திரும்பிருது. குழி வெட்ட எடம் கேட்டா, அது கம்பெனி காணிங்கிறாங்க. எரிச்சா புள்ளைக இருமுது. நீ பேப்பர்லதானே இருக்க? எங்க போடணும்னு நீயே எழுதேன்" என்றார்.

எழுதுகிறேன்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் கொழும்பில் ஒரு விடுதியில் நடைபெற்ற கருத்தரங்கொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். பொருள்: சுழற்சிப் பொருளாதாரம். பூமியிலிருந்து எடுத்து, பண்டமாக்கி, பாவித்து, வீசிவிடும் நேர்கோட்டுப் பொருளாதாரத்துக்கு மாற்றாக, எடுத்த பொருளை முடிந்தவரை நெடுங்காலம் புழக்கத்திலேயே வைத்திருப்பது, பழுதானதைத் திருத்துவது, தேய்ந்ததை வேறொன்றாக்குவது, மண்ணிலிருந்து வந்ததை மண்ணுக்கே திருப்புவது. இதுவே அதன் சாரம். நல்ல விடயம்தான். மேடையேறிய அதிகாரி ஒருவர் மலையகத்து ஆறொன்றின் படத்தைத் திரையில் காட்டி, "தோட்டப் புற மக்களுக்கு இது பற்றிய விழிப்புணர்வு போதாது" என்றார். தீர்வாகத் துண்டுப் பிரசுரங்களும் பாடசாலைச் சித்திரப் போட்டிகளும் முன்மொழியப்பட்டன. சபையினர் கைதட்டினர். நானும் குறிப்பெடுத்து, மறுநாளே செய்தியாக எழுதிக் கொடுத்தேன். அக்காவின் பதிலைக் கேட்ட பிறகு அந்தச் செய்தியை நினைத்து வெட்கப்படுகிறேன்.

தோட்டத்து மக்களுக்குச் சுழற்சிப் பொருளாதாரம் கற்பிக்கப் புறப்பட்டிருக்கும் கனவான்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களுடைய சொல் பிறப்பதற்கு முன்பே அந்த மக்கள் அதனை வாழ்ந்து முடித்தவர்கள். அந்தச் சுழற்சியை அறுத்தவர்கள் அவர்களல்லர். திரும்ப எடுத்துச் செல்லும் பொறுப்பு எதுவுமின்றிப் பண்டங்களை மலையேற்றி விற்றவர்களும், வரி வாங்கிக்கொண்டு குப்பை லொறியை மட்டும் தோட்டத்து எல்லையில் நிறுத்திய அரசுமே அதனை அறுத்தார்கள். அறுத்தவர்களே முடிச்சுப் போட வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

எழுபதுகளின் லயத்து வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறேன். தேயிலைச் செடிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழும் மிலாறு அடுப்புக்கு விறகாகும். உதிரும் இலைகள் மலையிலேயே கிடந்து மக்கும். அடுப்புச் சாம்பலில் பாதி பாத்திரம் துலக்கும். மீதி லயத்துக்குப் பின்னாலுள்ள காய்கறிப் பாத்திக்குப் போகும். கறவை மாட்டின் சாணமும் அதே பாத்திக்குத்தான். அந்தப் பாத்தியில் விளைந்த கோவாவின் வெளியிலை மீண்டும் மாட்டுக்கு. நிழலுக்காக வளர்த்த முள்முருங்கையின் கிளைகளைத் தறித்துத் தேயிலைச் செடியின் அடியிலேயே பசளையாகப் போடுவார்கள்.

தேயிலை ஏற்றுமதியாகும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் உடைந்து கழிபவை லயத்துக்கு வந்து சேரும். எங்கள் வீட்டில் ஒன்று துணிப்பெட்டியாகவும் மற்றொன்று சாமி மாடமாகவும் இருந்தன. உரச் சாக்கைக் கழுவிக் காயவைத்துப் பெண்கள் இடுப்பில் படங்காகக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவார்கள். அது கிழிந்தால் வாசலில் மிதியடியாகும். மாதத்துக்கொரு தடவை போத்தல்காரர் வருவார். பழைய போத்தல், பித்தளை, ஈயம் எல்லாவற்றையும் நிறுத்து எடுத்துக்கொண்டு காசோ பேரீச்சம்பழமோ தருவார். கடையில் சோடா குடித்தால் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் போத்தலுக்கு முற்பணம் கட்ட வேண்டும்.

என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்கிறேன். நான் எழுத்துக்கூட்டிப் படித்தது பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல. காம்பராச் சுவரில் ஒட்டியிருந்த பழைய வீரகேசரியிலும் தினகரனிலும்தான். குளிருக்கும் பூச்சிக்கும் மறைப்பாக ஒட்டப்பட்ட தாள்கள் அவை. மிஞ்சிய பத்திரிகை கடையில் சீனி சுற்றப் போகும். பிற்காலத்தில் நான் எழுதியவையும் கடலைச் சுருளாகி யாருக்கோ பயன்பட்டிருக்கும் என்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வறுமையைச் சூழல் பாதுகாப்பு என்று பெயர் மாற்றிப் போற்ற நான் வரவில்லை. இரசாயன உரம் வந்த சாக்கை இடுப்பில் கட்டியது ஞானத்தினால் அல்ல, வேறு துணி இல்லாததனால். கிருமிநாசினி வந்த கலனைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த வீடுகளும் உண்டு. அது ஆபத்து என்று சொல்ல அன்று யாரும் இல்லை. அந்த வாழ்வுக்குத் திரும்புங்கள் என்று என் அக்காவிடம் சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. நான் சொல்ல வருவது இவ்வளவே: பொருளின் அருமை அறியாதவர்கள் என்று அந்த மக்களைப் பழிக்காதீர்கள்.

பிறகு என்ன நடந்தது? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மெல்ல மெல்ல மலைக்கு ஏறிய பண்டங்களின் தன்மையே மாறியது. கண்ணாடிப் போத்தல் பிளாஸ்டிக் போத்தலாயிற்று. பிரம்புக் கூடையின் இடத்தை பொலித்தீன் பை பிடித்தது. நாற்சம்பளக்காரர்களின் சந்தைக்கென்றே ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் சிற்றுறைகள் தயாராயின. மொத்தமாக வாங்கக் கையில் காசில்லாதவன் உறை உறையாக வாங்குகிறான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் பெற்ற மக்கள் அவர்கள். அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயானது 2024இல். இந்த வருமானத்தில் ஒரு போத்தல் ஷாம்பூ வாங்கு, உறை வாங்காதே என்று புத்தி சொல்வது எளிது.

அந்த உறையை எடுத்துப் பாருங்கள். வெளியே பளபளக்கும் ஒரு தாள், உள்ளே வேறொரு தாள், நடுவில் உலோகப் பூச்சு. மூன்றையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறார்கள். போத்தல்காரர் அதனை வாங்க மாட்டார். மாடு தின்றால் மாட்டுக்குக் கேடு. மண்ணில் புதைத்தால் மக்காது, எரித்தால் புகை. அதாவது, அந்தப் பொருள் எந்தச் சுழற்சிக்குள்ளும் நுழைய முடியாதபடி தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். பழி மட்டும் அக்கரப்பத்தனையில் இருக்கிறது.

தோட்ட நிர்வாகங்களும் இதற்கு விலக்கல்ல. நாற்றுமேடையைத் தோட்டத்தில் தவறணை என்பார்கள். தவறணையில் ஒவ்வொரு தேயிலைக் கன்றும் ஒரு பொலித்தீன் பையில் வளர்கிறது. நடும்போது உரித்தெடுக்கும் பைகள் எத்தனை, அவற்றில் எத்தனை திரும்பின என்று கணக்கு வைப்பவர் எவரையும் நான் கண்டதில்லை. கொழுந்து நிறுக்கும்போது கிராம் கணக்கில் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வராமலா போகும்?

இனி அரசின் பங்குக்கு வருவோம். வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம், ஆனால் தம்மைத் தெரிவுசெய்த லயத்துக்கு ஒரு குப்பை லொறியை அனுப்பச் சபை உறுப்பினருக்குச் சட்டம் வழிவிடவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள்! சிற்றுறைகளும் பிளாஸ்டிக் போத்தல்களும் மலையை மூடியது இதே 31 ஆண்டுகளில்தான்.

அதே 2018இல் நடைபெற்ற தேர்தலுடன், நுவரெலியா பிரதேச சபை பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனைக்கெனத் தனிப் பிரதேச சபையும் உருவாயிற்று. மகிழ்ந்தோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிவடைந்து, 2025 மே தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகளே இல்லாத நிலை தொடர்ந்தது. சட்டத்தைத் திருத்தியவர்கள் லொறியையும் ஆளணியையும் இடத்தையும் தரவில்லை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, அதிகாரம் சபையுடையது, குப்பை மட்டும் மக்களுடையது. இந்த நான்கையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர ஓர் அமைச்சருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. வர்த்தமானிகள் வந்தன. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களை விழுங்கிய பின்னர், அதே ஆண்டு செப்டெம்பரில் பொலித்தீன் பைகளுக்கும் மதிய உணவுத் தாள்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2021 மார்ச் இறுதியில் 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சிற்றுறைகள் தடை செய்யப்பட்டன. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. 2023 ஒக்டோபரில் ஒரு தடவை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி முதலியவற்றுக்குத் தடை. 2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி. ஒவ்வொரு வர்த்தமானியையும் நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். தடையை விற்பனையாளர் சிறிது அளவை மாற்றித் தாண்டிவிடுகிறார். 20 மில்லிலீற்றர் 22 ஆனால் சட்டம் அதனைத் தொடாது. எதைச் செய்யக் கூடாது என்று இவை சொல்கின்றன. விற்ற பொருளின் மீதியை யார் திரும்ப எடுப்பது என்ற கேள்வியை மட்டும் ஒன்றுமே தொடவில்லை.

மற்றொரு வர்த்தமானியை மலையகம் இலகுவில் மறக்காது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. மண்ணுக்குரியதை மண்ணுக்கே திருப்புவோம், சேதனப் பசளையால் நாட்டை வளமாக்குவோம் என்று மேடைகளில் முழங்கினார்கள். கேட்க இனிமையாகவே இருந்தது. ஆனால் கூட்டெரு வர்த்தமானியில் விளைவதில்லை. அதற்கு மக்கும் குப்பை வேண்டும், பிரித்தெடுக்கும் கை வேண்டும், இடம் வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அவற்றில் எதையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யாமல், சீனாவிலிருந்து கப்பலில் சேதன உரம் வரவழைக்கப் பார்த்தார்கள். அது தரமற்றதெனத் திருப்பி அனுப்பப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. அந்த ஆண்டின் எரிபொருள் நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு என்றாலும், உரமில்லாத செடி கொழுந்து தராது என்பது தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கொழுந்து குறைந்தால் பெயர் குறையும், சம்பளம் குறையும். சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயரில் செய்யப்பட்ட அவசரக் கோலத்துக்கு மறுபடியும் விலை கொடுத்தவர்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், நாட்டில் அன்றாடம் சேரும் திண்மக் கழிவில் பாதிக்கு மேற்பட்டது மக்கும் குப்பை. 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் கீழ் பல உள்ளூராட்சி மன்றங்களில் கூட்டெரு நிலையங்கள் கட்டப்பட்டன. 2021இல் கெரவலப்பிட்டியில் கொழும்புக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் வந்தது. மேடு சரிவதைவிட எரிப்பது மேல் என்றாலும், எரித்த பொருள் எந்தச் சுழற்சிக்கும் திரும்புவதில்லை. ஒரு பக்கத்தில் உரத்துக்கு அந்நியச் செலாவணி இல்லை. மறுபக்கத்தில் உரமாக வேண்டியது காய்கறிக் கழிவாகச் சந்தை மூலைகளில் அழுகுகிறது. மரக்கறி விளைகின்ற நுவரெலியா மாவட்டத்தில் இந்த முரணைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை.

சரி, வேறெங்காவது இது முடிந்திருக்கிறதா? முடிந்திருக்கிறது. ஜெர்மனியில் வாழும் வாசகர்கள் 2003 முதல் பல வகைப் பிளாஸ்டிக் போத்தல்களுக்கு முற்பணம் கட்டித் திரும்பப் பெறுகிறவர்கள். நோர்வே வாசகர்களுக்கும் இது பழகியதுதான். "அது பணக்கார நாடு" என்று நம் அதிகாரிகள் சொல்வார்கள். ஆகவே ஐரோப்பாவை விட்டுவிடுவோம். நம்மைப் போலவே தேயிலையும் தமிழும் உள்ள மலையொன்றைச் சொல்கிறேன்: நீலகிரி.

அங்கே காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் வீசப்படும் மதுப் போத்தல்கள் உடைந்து யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற முறைப்பாடு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 2022 மே மாதம் முதல், நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீலகிரியின் அரச மதுக்கடைகளில் போத்தலொன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் போத்தலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பத்துப் போத்தல்களில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தன. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் இத்திட்டம் விரிந்தது. கடை ஊழியர்கள் வேலைப்பளு கூடுகிறதென்று ஆட்சேபித்தார்கள். அது நியாயமான குறை, தீர்க்கப்பட வேண்டியது. ஆனால் கவனியுங்கள். குடிப்பவருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுக்கப்படவில்லை. வெறும் போத்தலுக்கு ஒரு விலை வைத்தார்கள். அவ்வளவுதான்.

நீலகிரியை நான் எடுத்ததற்குக் காரணமுண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கேதான் குடியேறினர். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே உருவானவை. எங்கள் பெரியப்பா குடும்பமும் அப்படி கோச்சி ஏறித் தலைமன்னார் வழியாகப் போனதுதான். அதே மக்கள், அதே கொழுந்து, அதே குளிர். அங்கே யானையின் காலுக்காக ஒரு நீதிமன்றம் எழுந்து நின்றது. இங்கே தேயிலைச் செடியடியில் கிடக்கும் உடைந்த போத்தல், செருப்பில்லாத காலோடு மலையேறும் பெண்ணின் பாதத்தைக் கிழிக்கிறது. அதற்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே அக்காவின் கேள்விக்கு என் பதில் இது. கம்பனியின் விநியோக வாகனம் ஒவ்வொரு வாரமும் அக்கரப்பத்தனைக் கடைகளுக்கு நிறைந்து வருகிறது. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது. அந்த வெறும் வாகனம்தான் தீர்வு. போத்தலுக்கு மாத்திரமல்ல, உறைக்கும் ஒரு முற்பணம் வையுங்கள். ஐந்து ரூபாயானாலும் போதும். வெறும் உறையைக் கொண்டுவருபவருக்குக் கடைக்காரர் காசைத் திருப்பிக் கொடுக்கட்டும். கடைக்காரருக்குச் சிறு தரகு கிடைக்கட்டும். வந்த வாகனத்திலேயே அது திரும்பிப் போகட்டும். திருப்பி எடுக்கச் செலவு அதிகம் என்று கம்பனி கணக்குப் பார்க்கும் நாளில், திருப்பி எடுக்கத்தக்க உறையை அதுவே கண்டுபிடித்துவிடும். தொழிற்சாலையில் எடுத்த தீர்மானத்தைத் தொழிற்சாலையிலேயே மாற்ற வைப்பதற்கு வேறு வழியில்லை.

விலை கூடிவிடும், ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்று இதற்கு மறுமொழி வரும். திடீரென்று ஏழைகள் மீது பிறக்கும் இந்தக் கருணையை நான் அறிவேன். முற்பணம் விலையல்ல, திரும்பி வரும் காசு. எறிபவருக்குத்தான் அது விலை. எறிந்ததைப் பொறுக்கிக் கொடுக்கும் பிள்ளைக்கு அது வருமானம். இன்று கான் அடைத்துக் காம்பராவுக்குள் தண்ணீர் ஏறும்போது நனையும் அரிசிக்கும் விறகுக்கும் பாய்க்கும் யார் விலை கொடுக்கிறார்கள்? ஏழைகள்தான் கொடுக்கிறார்கள். அந்தச் செலவு எந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை என்பதனால் அது இல்லையென்றாகிவிடாது.

பிரதேச சபையிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்பதற்கு இரண்டு உண்டு. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் கூட்டெருவுக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்குங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் அரை ஏக்கர் பெரிய தானமல்ல; உருவாகும் எரு தேயிலைக்கும் காய்கறிப் பாத்திக்கும்தான் போகப்போகிறது. அடுத்து, தோட்டத்துக்குள் வரும் உரச் சாக்கு, தவறணைப் பை, கிருமிநாசினிக் கலன் ஆகியவற்றுக்கு வரவு – திரும்பல் கணக்கு வையுங்கள். அதனைச் சபையில் சமர்ப்பியுங்கள். 2018 திருத்தத்தால் சபைக்கு வந்த அதிகாரம் இதற்கும் பயன்படவில்லையென்றால் அந்தத் திருத்தம் எதற்கு?

அரசைச் சாடிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. நாமென்றால் யார்? தொழிற்சங்கங்கள் முதலில். சம்பளத்துக்காக எத்தனையோ வேலைநிறுத்தங்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். லயத்துக்குக் குப்பை லொறி வேண்டுமென்ற கோரிக்கையை ஒரு துண்டுப் பிரசுரத்திலும் கண்டதில்லை. அடுத்து, பத்திரிகையாளர்களாகிய நாங்கள்: கொழும்பில் குப்பைமேடு சரிந்தால் முதற்பக்கம், மலையகத்தில் கான் அடைத்தால் பிரதேசச் செய்தியில் நான்கு வரி. அந்த நான்கு வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு நம் விழாக்கள். அக்கரப்பத்தனைக் குளிரில் வாழையிலை தாராளமாகக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் முன்பு அம்மன் கோயிலில் அண்டாவும் தட்டும் பொதுவில் இருந்தன. கலியாணம், கருமாதி எதுவானாலும் எடுத்துப் பாவித்துத் துலக்கித் திருப்பி வைப்போம். இன்று திருவிழா அன்னதானம் முடிந்த மறுநாள் கோயில் வாசலைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஐந்நூறு எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் ஒரு தோட்டத்துக்கு இருந்தால் இருபது ஆண்டுகள் போதும். கனடாவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருந்துகொண்டு கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணம் அனுப்பும் அன்பர்களே, அடுத்த தடவை தட்டுகளுக்கு அனுப்புங்கள். கல்வெட்டில் பெயர் வராமல் போகலாம். தட்டின் பின்புறத்தில் பொறித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உங்களால் முடியும். ஆக்ரோயா ஹோட்டன் சமவெளியில் பிறந்து, கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைத் தொட்டு, மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. மலையில் எறிந்த உறை மூதூர் மீனவரின் வலையில் ஏற வழி இருக்கிறது. ஆகவே இது மலையகத்தாரின் பிரச்சினை மட்டுமல்ல. நீங்கள் குடிக்கும் தேநீரின் கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "உங்கள் தோட்டத்து லயங்களின் குப்பை எங்கே போகிறது?" என்று கேளுங்கள். வாடிக்கையாளரின் ஒரு கேள்விக்கு இருக்கும் மதிப்பு, என் முப்பதாண்டு எழுத்துக்கு இருந்ததில்லை.

திரும்பி வரும்போது அக்கா கோவாவும் லீக்ஸும் கட்டிக் கொடுத்தார். பழைய உரச் சாக்கை இரண்டாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்த பை அது. "பையத் திருப்பிக் கொடுத்துவிடு தம்பி, யார்கிட்டயாவது" என்றார். பை இப்போது என் மேசைக்கருகில் இருக்கிறது. அடுத்த மாதம் போகிறேன், கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். கருத்தரங்கு நடத்தியவர்கள் விரும்பினால் என்னுடன் வரலாம். எங்கே போடுவது என்று அக்கா கேட்டால், அந்தத் தடவை நான் பதில் சொல்லப் போவதில்லை; அவர்கள் சொல்லட்டும்.